கையெழுத்து போட முடியாதவர்கள்

திருச்செங்கோட்டு போர் வண்டி ராஜஸ்தானுக்கும் போகுது, ஆப்பிரிக்காவுக்கும் போகுது. போன இடத்தில் பாறை எப்படி, தண்ணீர் எத்தனை அடியில் என்றுதான் பேச்சு. 'முதலில் உனக்குத் துளை போடத் தெரியும்னு நிரூபி' என்று யாரும் கேட்பதில்லை.

சேலத்தில் பத்து வருடம் வீடு கட்டிக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் அமெரிக்கா போனால் கதை வேறு. ஐந்து வருட பி.ஆர்க்., இந்தியப் பதிவு எல்லாம் இருந்தாலும், 3,740 மணி நேர அனுபவத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆறு பகுதிகள் கொண்ட தேர்வை எழுத வேண்டும். அதுவரை இன்னொருவர் கையெழுத்துக்காகப் படம் போடலாம். தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

'உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், சும்மா லைசென்ஸ் தருவாங்களா?' என்பீர்கள். நியாயம்தான். பனியின் எடையைக் கூரை தாங்குமா என்பது சேலத்து வெயிலில் வராத கேள்வி. நிலநடுக்கம், தீ விதி, உள்ளூர்ச் சட்டம் எல்லாவற்றுக்கும் பரீட்சை வைக்கட்டும். எந்த லைசென்ஸும் இல்லாமல் வெளிநாட்டு கம்பெனிக்குக் கோடு எழுதும் நான் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2023 ஏப்ரலில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தகுதி பெறும் லண்டன் ஆர்க்கிடெக்ட்டுக்கு அந்த ஆறு பகுதித் தேர்வு கிடையாது. கலிபோர்னியாவின் நிலநடுக்கத்தை அவர் மட்டும் தேம்ஸ் கரையில் படித்தாரா? கதவைத் திறந்தது அறிவு மட்டுமல்ல, ஒப்பந்தம்.

'வெள்ளைக்காரன் பாரபட்சம்' என்று திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். என் கோபம் இந்தப் பக்கம். நம்முடைய 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வெளிநாடுகளுடன் இப்படிப் பரஸ்பர ஏற்பாடு பேச கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. ஐம்பது வருடம் தாண்டியும் அமெரிக்காவோடு அப்படி ஒரு ஒப்பந்தம் நமக்கு இல்லை. அதே சட்டத்தின் 37ஆம் பிரிவோ, மத்திய அரசு அனுமதித்தால் வெளிநாட்டு ஆர்க்கிடெக்ட் குறிப்பிட்ட திட்டத்துக்கு இங்கே வந்து வேலை செய்ய வழி விடுகிறது. வருகிறவருக்கு வாசல் வைத்தோம். போகிறவருக்கு?

கவுன்சிலுக்கு வருஷா வருஷம் பதிவுக் கட்டணம் கட்டுகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: உள்ளூர் விதிக்கு மட்டும் பரீட்சை, மற்றதற்கு அங்கீகாரம் என்று எத்தனை நாடுகளோடு பேசியிருக்கிறீர்கள்? பதில் வரும்வரை, நாற்பது வயதில் ஒருவர் அங்கே யாருக்கோ கழிவறை டீட்டெய்ல் வரைந்துகொண்டிருப்பார். அந்தப் படத்தில் அவர் பெயர் இருக்காது.