பழைய டி.வி. தானே என்று தூக்கிப் போடலாமா?

ஒரு டி.வி. அல்ல, இரண்டு டி.வி. அல்ல. மொத்தம் 1,003 டி.வி.! அத்தனையையும் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்தார் ஒரு மனுஷர். உயரம் சுமார் 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டிடம் அளவு!

அவர் பெயர் நாம் ஜூன் பைக். 1932-ல் கொரியாவில் சியோல் நகரில் பிறந்தவர். இசை படிக்க ஜெர்மனி போனார். போன இடத்தில் டி.வி. பெட்டி மீது பைத்தியம் பிடித்தது. 1963-ல் அங்கேயே டி.வி. பெட்டிகளை வைத்துக் கண்காட்சி நடத்தினார். 1965-ல் டி.வி. மேல் பெரிய காந்தத்தை வைத்தார். படம் கோலம் போல வளைந்து நெளிந்தது. இதுவும் கலைதான் என்றார்!

1988-ல் சியோல் ஒலிம்பிக் சமயத்தில், பக்கத்தில் உள்ள குவாச்சோன் தேசிய கலைக்கூடத்தில் எழுந்ததுதான் இந்த டி.வி. கோபுரம். அக்டோபர் 3-ந் தேதி கொரிய நாடு தோன்றிய நாள். அந்தக் கணக்கில்தான் 1,003.

ஆபத்து!

ஆனால் டி.வி. பெட்டி என்ன, கருங்கல் சிலையா? பழுதாகத்தானே செய்யும். 2003-ல் பெட்டிகளை மாற்றினார்கள். அவையும் கிழடு தட்டின. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாகத் தெரிந்ததும் 2018-ல் சுவிட்சை அணைத்து விட்டார்கள்.

அணைத்தது சரி. மின்கசிவில் கருகிய கட்டிடங்களைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு சொல்ல மாட்டார்கள். கலையை விட உயிர் பெரிசு.

அடுத்து என்ன செய்வது? "பிரித்துப் போடு" என்றார்கள் சிலர். "எல்லாம் புது தட்டை டி.வி.யாக மாற்று" என்றார்கள் வேறு சிலர். கலைக்கூடம் இரண்டையும் கேட்கவில்லை. பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் 737-ஐ பழுது பார்த்தும், தேடிப் பிடித்தும் மாட்டியது. மேலே இருந்த சின்னப் பெட்டிகள் 266 மட்டும் தட்டை டி.வி. ஆயின. 2022 செப்டம்பரில் கோபுரம் மறுபடி ஒளிர்ந்தது.

இதுதான் சரி என்பேன். பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கதிர் ஓடுகிறது. காந்தம் அதை இழுக்கும். தட்டை டி.வி.யில் அந்தக் கதிரே கிடையாது. காந்தம் வைத்தால் படம் வளையாது. பெட்டியை மாற்றினால் பைக் செய்த வித்தையும் போச்சு!

மெக்கானிக் எங்கே?

ஆனால் ஒரு கவலை. கடைகளில் பிக்சர் டியூப் டி.வி. விற்பது நின்று பல வருஷம் ஆகிறது. ரிப்பேர் தெரிந்தவர்களுக்கும் வயசாகிறது. 1988-ல் இந்தக் கோபுரத்துக்கு உயிர் கொடுத்தது பைக் மட்டுமா? லீ ஜுங் சுங் என்ற டெக்னீஷியனும்தான். அந்தக் கை வேலை இல்லாவிட்டால் 1,003 பெட்டியும் வெறும் பெட்டி.

எனவே டியூபை மட்டும் சேர்த்து வைத்தால் போதாது. நாலு இளைஞர்களுக்கு அந்த ரிப்பேரையும் கற்றுக் கொடுக்க வேண்டும். சம்பளமும் கொடுக்க வேண்டும்.

பைக் 2006-ல் போய்ச் சேர்ந்தார். கோபுரம் நிற்கிறது. மெக்கானிக்கும் போய்விட்டால் எது நிற்கும்?