கொட்டானைக் காப்பது யார்?

செட்டிநாட்டில் கொட்டான் இல்லாமல் கல்யாணச் சீர் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. கொட்டான் என்பது பனை ஓலைக் கூடை. ஆச்சிமார் ஓலையைக் கீறி, சாயம் ஏற்றி, வீட்டிலேயே முடைந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் குழந்தைகள் பார்த்துப் பழகினார்கள்.

பிளாஸ்டிக் வந்தது. கொட்டான் பரணில் ஏறியது!

2000-க்குப் பின், விசாலாட்சி ராமசாமியின் அறக்கட்டளை காரைக்குடி வட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி தந்தது. கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, வேறு ஊர்க் கூடையைச் செட்டிநாடு கொட்டான் என்று விற்கக் கூடாது.

குறியீடு பெயரைக் காக்கும். கைத்தொழிலைக் காக்குமா?

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஓலைக் கூடைக்கு மீண்டும் வேலை உண்டு. முடையத் தெரிந்த பாட்டிமார்தான் குறைகிறார்கள். இந்த விடுமுறையிலேயே பேரப் பிள்ளைகள், ஆண் பிள்ளைகளும்தான், அவர்களிடம் ஒரு சிறு கொட்டான் முடையக் கற்கட்டும்!