முப்பது தப்படி

போன மாசம் சென்னையில இருந்து மச்சினன் பையன் வந்திருந்தான். காலையில எழுந்ததும் தோட்டத்துக்குப் போனோம். குச்சிக்கிழங்குக் காட்டுல ராத்திரி பன்னி இறங்கியிருந்துச்சு. மரவள்ளியை எங்க சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குன்னுதான் சொல்லுவோம். நீங்க பாயசத்துல போடுற ஜவ்வரிசி இதுலேருந்து வர்றதுதான். ஏழு மாசப் பயிர். வேரோட புரட்டி, கிழங்குல பாதியைக் கடிச்சு, மீதியை மிதிச்சுட்டுப் போயிருந்துச்சுங்க. இருபது சென்ட்டுக்குக் குறையாது. பையன் சுத்திப் பார்த்துட்டு, "சுட்டுத் தள்ள வேண்டியதுதானே மாமா? தாத்தாகிட்டத் துப்பாக்கி இருந்துச்சாமே?"ன்னான்.

இருந்துச்சு. அதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப் போறேன். டவுன்ல இருக்கிறவங்க இந்த விஷயத்துல ரெண்டு விதமாத்தான் பேசுறாங்க. ஒரு பக்கம், "சுட்டுத் தள்ளுங்க." இன்னொரு பக்கம், "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்." ரெண்டு பேருமே துப்பாக்கின்னா விசையை அழுத்தினதும் வேலை முடிஞ்சுடும்னு நினைக்கிறவங்க. அது அப்படி இல்லீங்க.

எங்கய்யன் வெச்சிருந்தது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு வாங்கின ஒத்தைக்குழல் துப்பாக்கி. தோட்டா போடுற வகை இல்லை. குழலோட வாய் வழியா மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால கெட்டிக்கணும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 13ஆவது பிரிவுலயே இதுக்குன்னு இடம் ஒதுக்கியிருக்காங்க. உண்மையாகவே பயிரைக் காப்பாத்தக் கேட்கிற குடியானவனுக்கு இந்த வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினா மட்டும், மரையில்லாத வேற துப்பாக்கி தரலாம். சட்டம் எழுதினவங்க கொஞ்சம் யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தோணும். ஒரு தடவை வெடிச்சா மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். அதை வெச்சுக்கிட்டு ஊரை மிரட்ட முடியாது.

மரை இல்லைன்னு சொன்னேன் இல்லையா, அங்கதான் சங்கதியே இருக்கு. ரைஃபிள்னா குழலுக்கு உள்ளார திருகு மாதிரி மரை ஓடியிருக்கும். குண்டு அதுல பட்டுச் சுழன்டுக்கிட்டு வெளிய வரும். சுத்துற பம்பரம் சாயாது பாருங்க, அந்த மாதிரி சுழல்ற குண்டு நேரா போகும். எங்க நாட்டுத் துப்பாக்கியில உள்ளார வழவழன்னு இருக்கும். குண்டு குழலுக்குள்ள இப்படி அப்படி இடிச்சுக்கிட்டு வரும். கடைசியா எந்தப் பக்கம் இடிச்சுதோ அதுக்கேத்த மாதிரி போகும். அப்ப அதை நம்பி எப்படிச் சுடறது? அதுக்குத்தான் அளவு கண்டுபிடிக்கணும்.

எங்கய்யன் அளவு பார்த்ததை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். எனக்கு அப்ப பத்து, பதினோரு வயசு இருக்கும். மாசி அறுவடை முடிஞ்சு காடு வெறுமையா கிடக்கும்போது, மேக்கால இருக்கிற கல்லாங்குத்துக்கு முன்னாடி ஒரு பழைய முறத்தை நிறுத்துவாரு. அது மேல தினத்தந்தி பேப்பரை ஒட்டி, நடுவுல கரியால ஒரு வட்டம். குண்டு போய் முட்ட பின்னாடி பாறை மேடு இருக்கணும்ங்கிறது மொத விதி. இந்தப் பக்கம் இருபது தப்படி, முப்பது தப்படி, நாப்பது தப்படின்னு கல்லு வெச்சுக்குவாரு.

மருந்தை அளக்க ஆட்டுக் கொம்புல அறுத்த ஒரு சின்னக் குப்பி. அதுல ஊசியால கீறின மூணு கோடு. மொதக் கோட்டுக்கு மூணு வெடி. பேப்பர்ல ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு பார்ப்பாரு. அப்புறம் ரெண்டாவது கோட்டுக்கு மூணு. ஒரு சமயத்துல ஒண்ணைத்தான் மாத்துவாரு. மருந்தை மாத்தினா குண்டை மாத்த மாட்டாரு, தேங்காமஞ்சியோட கனத்தை மாத்த மாட்டாரு. எட்டாவது தாண்டாத மனுஷன். ஆனா நான் ஹைஸ்கூல்ல சயின்ஸ் லேப்ல படிச்சதை விட அந்தக் கல்லாங்குத்துலதான் அதிகம் கத்துக்கிட்டேன்னு சொல்லலாம்.

மூணாவது கோட்டைத்தான் நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். மருந்து அதிகம், சத்தம் அதிகம், அப்ப நல்லா போகும்னு நினைப்பு. தோள்ல உதை விழுந்து எங்கய்யன் ஒரு அடி பின்னால வந்தாரு. குழல் வாயில நெருப்பு பூவாணம் மாதிரி கொட்டுச்சு. போய்ப் பார்த்தா மூணுல ஒண்ணு முறத்துலயே படலை, மத்த ரெண்டும் ஆளுக்கொரு மூலையில. ரெண்டாவது கோட்டுக்கு மூணும் ஒரு கையகலத்துக்குள்ள இருந்துச்சு. "கொழுப்பு ஏறுனா கொறி தப்பும்டா"ன்னாரு. மருந்தைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

ஒவ்வொரு வெடிக்கும் அப்புறம் குழலுக்குள்ள துணி விட்டுத் துடைக்கணும். கரிமருந்து எரிஞ்சா உள்ளார அடை மாதிரி கசடு படியும். துடைக்காம அடுத்ததைக் கெட்டிச்சா குண்டு பாதியிலயே நின்னுக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காலி இடம் விட்டுப் போச்சுன்னா குழலே பிளந்துடும். அதுக்காகக் கெட்டிக்கிற கம்பியில ஒரு கோடு போட்டிருப்பாரு. அந்தக் கோடு குழல் வாய்க்குச் சரியா வந்தாத்தான் குண்டு அடியில உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். சாயங்காலம் வெந்நீர் ஊத்திக் கழுவி, காய வெச்சு, தேங்காயெண்ணெய் போடணும். ஒரு ராத்திரி சோம்பேறித்தனம் பண்ணினா மறுநாள் துரு.

இந்த அளவுத் தொல்லையைத் தீர்க்கத்தான் வெள்ளைக்காரன் காகிதத் தோட்டா செஞ்சான். 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஒரு காகிதப் பொட்டலத்துல நாலரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவா மருந்து, கூடவே 34 கிராம் எடையில ஈயக் குண்டு. சிப்பாய் அளக்கவே வேண்டாம், பல்லால கடிச்சுப் பிரிச்சுக் கொட்டினாப் போதும். அந்தப் பொட்டலத்துல தடவின கொழுப்புதான் 1857ல என்னாச்சுன்னு நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அமெரிக்காவுல இன்னிக்கும் பல மாநிலங்கள்ல வாய்வழித் துப்பாக்கிக்குன்னே தனி வேட்டைக் காலம் இருக்கு. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா குறி பார்த்து, அவனவன் துப்பாக்கிக்கு எந்த அளவு ஒத்து வருதுன்னு நோட்டுல எழுதி வெச்சுக்கிறாங்க. யூடியூப்ல பார்த்தப்ப எங்கய்யன் ஞாபகம்தான் வந்துச்சு. முறத்துக்குப் பதிலா அச்சடிச்ச அட்டை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில எங்கய்யன் கண்டுபிடிச்சது மருந்து அளவு மட்டும் இல்லீங்க. எத்தனை தப்படியில இருந்து சுட்டா பத்துக்குப் பத்தும் முறத்துல விழும்னு ஒரு கணக்கு. அது முப்பது. நாப்பதுல பத்துக்கு ஆறோ ஏழோ. "முப்பதுக்கு மேல இந்தத் துப்பாக்கி வெறும் கம்பு"ன்னு முடிவு பண்ணிட்டாரு.

அந்த வருஷமே ஒரு ராத்திரி. நிலக்கடலை பிடுங்க ஒரு வாரம் இருக்கு. பரண் மேல அவரும் நானும். போதமலைப் பக்கமிருந்து ஒரு பெரிய ஒத்தைப் பன்னி வரப்புல வந்து நின்னுச்சு. நிலா வெளிச்சத்துல முதுகு மயிரு கூடத் தெரிஞ்சுது. எங்கய்யன் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. நான் முழங்கையால இடிக்கிறேன். அவரு மெதுவா, "நாப்பத்தஞ்சு இருக்கும்"ன்னாரு. அது பாட்டுக்குக் காட்டுல இறங்கிக் கடலையைத் தின்னுச்சு. கடைசியா வானத்தைப் பார்த்து வெறும் மருந்தை வெடிச்சாரு. ஓடிருச்சு. ஆனா ரெண்டு மூட்டைக் கடலை போச்சு. காலையில எங்கம்மா பேசின பேச்சு ஊருக்கே கேட்டிருக்கும். "குறி தப்பி வயித்துல பட்டா, அது நாலு நாள் எங்கயாவது புதர்ல கிடந்து சாகும். இல்லைன்னா விறகு பொறுக்கப் போற எவளையாச்சும் குத்திக் கிழிக்கும். நீ போவியா விறகுக்கு?"ன்னு கேட்டாரு. எங்கம்மா பதில் சொல்லலை. சோறும் போடலை.

எங்கய்யன் போனதும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன். என் பேருக்கு லைசென்ஸ் மாத்தக் கொஞ்ச நாள் அலைஞ்சேன், அப்புறம் விட்டுட்டேன். பல வீட்டுல இதே கதைதான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிங்க மலைப்பக்கம் இன்னமும் இருக்கு. போலீஸ்காரங்க அப்பப்ப ஊர் ஊரா வந்து, தானா ஒப்படைச்சா வழக்கு இல்லைன்னு அறிவிச்சு வாங்கிட்டுப் போறாங்க. அது சரியான வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணிக் குழாயில செஞ்ச துப்பாக்கி வெடிச்சுக் கை போன ஆளை நான் பார்த்திருக்கேன்.

ஆனா துப்பாக்கி போன இடத்துக்கு என்ன வந்துச்சுன்னு யாராவது பார்த்தீங்களா? கம்பி வந்துச்சு, அவுட்டுக்காய் வந்துச்சு. கம்பின்னா வரப்புல சுத்திக் கட்டி மெயின் லைன்லேருந்து திருட்டுத்தனமா கரண்ட் கொடுக்கிறது. அவுட்டுக்காய்னா தின்கிற பண்டத்துக்குள்ள வெடி வெச்சு வீசுறது. ரெண்டுக்கும் குறி பார்க்கத் தெரியாது. முப்பது தப்படியும் தெரியாது, பன்னி எது, பசு எது, மனுஷன் எதுன்னும் தெரியாது. 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வெச்ச பழத்தைக் கடிச்ச சினை யானை தண்ணிக்குள்ள நின்னே செத்துச்சே, நாடே அழுதுச்சு. 2023 மார்ச்ல நமக்குப் பக்கத்து தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிகிட்ட கரண்ட் கம்பியில ஒரே ராத்திரி மூணு யானை. அதுவும் பன்னிக்குக் கட்டின கம்பிதான்.

நான் யோக்கியன் மாதிரி பேசறேன்னு நினைச்சுக்காதீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு போகம் நானும் கட்டினேன். ரெண்டு வருஷம் தொடர்ந்து மக்காச்சோளம் போனதுல புத்தி மழுங்கியிருந்துச்சு. மூணாம் நாள் காலையில எங்க கருப்பன், நாய், கம்பியில கிடந்தான். வாயில இருந்து நுரை. அந்த வரப்பு வழியாத்தான் என் சம்சாரம் விடியக்காலம் பால் கறக்கப் போவாள். அன்னிக்கு மாடு லேசா ஊமையா இருந்ததால அரைமணி நேரம் தாமதமாப் போனாள். அன்னிக்கே கம்பியை அவிழ்த்துட்டேன். இதை இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்லை.

2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு முடிவு அறிவிச்சாங்க. காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைத் தொடக்கூடாது. 1லேருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3க்கு அப்பால வனத்துறை ஆளுங்க சுடலாம். முடிவு தப்புன்னு சொல்ல மாட்டேன், இத்தனை நாளா அதுவும் இல்லாம இருந்துச்சு. ஆனா என் தோட்டம் மலையடிவாரத்துலேருந்து ரெண்டு கிலோமீட்டர். பிடிச்சு விட்ட பன்னிக்குத் திரும்பி வர ஒரு ராத்திரி போதும். 3 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிறவனுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பன்னிக்காகத் துப்பாக்கியோட யாரு வந்து காத்துக் கிடப்பாங்க? எத்தனை ஊரு, எத்தனை ஆளு? கேரளாவுல 2022லயே பஞ்சாயத்துத் தலைவருக்கு உத்தரவு போடுற அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வெச்சிருக்கிற உள்ளூர் ஆளுங்களைச் சுட விட்டாங்க.

நான் கேட்கிறது அதுலயும் ஒரு படி கறாரானது. எல்லார் கையிலயும் துப்பாக்கி கொடுங்கன்னு கேட்கலை. கொடுத்தா மொதல்ல வரப்புத் தகராறுலதான் வெடிக்கும், எங்க ஊரை எனக்குத் தெரியும். ஒரு பஞ்சாயத்துக்கு ரெண்டு பேரு போதும். வருஷத்துக்கு ஒரு தடவை போலீஸும் வனத்துறையும் முன்னாடி நின்னு குறி பார்க்கச் சொல்லணும். சொந்தத் துப்பாக்கி, சொந்த அளவு, முப்பது தப்படி, பத்து வெடி. பத்தும் முறத்துல விழலைன்னா அந்த வருஷம் அவனுக்கு அனுமதி இல்லை, அவன் எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் சரி. சுட்டது எத்தனை, எந்த இடத்துல, எத்தனை தப்படியில, அடிபட்டு ஓடினது இருக்கான்னு நோட்டுல எழுதணும். கறியை யாரும் தொடக்கூடாது. கறிக்கு ஆசை வந்தா நாப்பத்தஞ்சு தப்படி கூட முப்பதாத் தெரியும். எங்க ஆளுங்க சில பேருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது. பரவாயில்லை.

கொல்லிமலையில வல்வில் ஓரி சிலை பார்த்திருப்பீங்க. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சான்னு புறநானூறு சொல்லும். ஆடி மாசம் அவனுக்கு அரசு விழா வேற. மச்சினன் பையன்கிட்ட இதைச் சொன்னேன். அவன், "தாத்தாவா இருந்தா மொதல்ல தப்படி எண்ணியிருப்பாரு"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அட்டாலியில இருந்து அந்த ஆட்டுக் கொம்புக் குப்பியை எடுத்துக் காட்டினேன். மூணு கோடுல ரெண்டாவது மட்டும் விரல் பட்டுப் பட்டு அழிஞ்சு போயிருக்கு. இப்ப ராத்திரி காவலுக்கு என்கிட்ட இருக்கிறது ஒரு டார்ச், ஒரு பழைய எண்ணெய்த் தகரம், ஒரு கட்டை. மிச்சம் இருக்கிற கிழங்கைப் பிடுங்க இன்னும் மூணு மாசம் ஆகும்.