தை மாதக் கல்யாணத்துக்குச் சித்திரைப் பூ எதற்கு?



வரும் தையில் மட்டும் எனக்கு மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்திருக்கின்றன. இரண்டு உறவில், ஒன்று என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் தன் மகளுக்கு வைப்பது. இப்போதெல்லாம் பத்திரிகையோடு மேடை எப்படி இருக்கப் போகிறது என்ற படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. மூன்று படமும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்சுவர் முழுக்க வெள்ளைப் பூ, மேலிருந்து திரை போலத் தொங்கும் மல்லிகைச் சரம், ஓரங்களில் ஆர்க்கிட். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

கல்யாணத்துக்கான பூவைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதுதான் என் கருத்து. காரணத்தையும் சொல்கிறேன்.

மல்லிகை வெயிலுக்குப் பூக்கும் செடி. பங்குனியில் தொடங்கி ஆனி வரை கொட்டும். மார்கழி, தைப் பனியில் மொட்டு சிறுத்துவிடும், வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். அந்த நேரத்தில்தான் பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்து வருகின்றன. கடந்த சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அதே பூ கோடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு இல்லாமல் நான் பாடம் நடத்தியதில்லை அல்லவா! மேடைக்கு 20 கிலோ மல்லிகை என்று வைத்துக்கொள்வோம். கிலோ 3,000 என்றால் 60,000 ரூபாய். கிலோ 300 என்றால் 6,000 ரூபாய். அதே பூ, அதே மணம். தையில் மணம் சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். அந்த 54,000 ரூபாய் வித்தியாசத்தைக் கட்டப்போவது பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர். பெண் தலைப்பிரசவத்துக்கு வந்த பிறகும் அலங்காரக்காரருக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நான் அதிக வருஷம் வேலை பார்த்தது நிலக்கோட்டைப் பக்கம். பூ சீசனில் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அம்மாவோடு தோட்டத்தில் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். இரண்டாவது பாடவேளையில் கண் சொக்கும் பிள்ளையை நான் எழுப்பியதில்லை. காரணம் இப்போது புரிகிறதா, கண்ணுகளா?

அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பூ விவசாயிகள். அவர்களுக்குத் தையில் விலை இருக்கிறது, பூ இல்லை. சித்திரையில் பூ இருக்கிறது, விலை இல்லை. வரத்து மிகுந்த நாட்களில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது. மிஞ்சிய பூ வாசனைத் தைலம் எடுக்கும் ஆலைக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சித்திரை, வைகாசிக் கல்யாணங்களில் மல்லிகையை அள்ளி வைத்தால்தான் அந்தப் பெருமை அவர்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் போகும்.

சரி, தையில் என்ன வைப்பது என்று கேட்பீர்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்ததை நாலாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதையே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தை, மாசி: சாமந்தியின் காலம். பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் சாமந்தி தானாகப் பூக்கும். மஞ்சள், வெள்ளை, அரக்குச் சிவப்பு எல்லாம் கிடைக்கும். அதோடு செண்டுமல்லி, கோழிக்கொண்டை, மரிக்கொழுந்து. வாசலில் கரும்பு, மஞ்சள் கொத்து, நெற்கதிர்க் கற்றை. இதைவிட மங்கலமான மேடை ஏது? வெள்ளைச் சரம் வேண்டும் என்றால் காக்கட்டான் இருக்கிறது. மணம் குறைவு, ஆனால் பனியிலும் பூக்கும்.

பங்குனி, சித்திரை, வைகாசி: மல்லிகையும் முல்லையும் மனம்போல வையுங்கள். சரக்கொன்றை மரமே தங்கமாகத் தொங்கும் காலம் இது. வாசலில் இளநீர்க் குலையும் நுங்குக் குலையும் கட்டினால் கோடைக் கல்யாணம் என்று பார்த்தவுடன் தெரியும்.

ஆனி, ஆவணி: பிச்சிப்பூ என்கிற சாதிமல்லி வந்துவிடும். சம்பங்கி, தாமரை கிடைக்கும். மழை தொடங்கிவிட்டால் தாழம்பூவும் வரும். தாழம்பூ வைத்துப் பின்னிய ஜடையைப் பார்த்த கண்ணுக்கு ஆர்க்கிட் எடுபடாது.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம். மல்லிகை நனைந்தால் பழுப்பேறிவிடும். அதனால் பூவைக் குறைத்துப் பச்சையைக் கூட்டுங்கள். மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம், கமுகம்பாளை, நடுநடுவே கனகாம்பரம். கனகாம்பரம் மணக்காது, ஆனால் சீக்கிரம் வாடாது. கார்த்திகையில் காந்தள் பூக்கும். நம் மாநில மலர்தான், ஆனாலும் செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் மண்டபத்துக்கு அது வேண்டாம்.

ஒரு மாணவி கேட்டாள்: “வாழ்க்கையில் ஒரே நாள் டீச்சர், ஆசைப்பட்டதை வைத்துக்கொள்ளக் கூடாதா?” நியாயமான கேள்வி. வைத்துக்கொள், அம்மா. தையிலும் மணப்பெண் தலைக்கு மல்லிகை வேண்டும். அதற்கு நாலு முழம் போதும், விலை எவ்வளவு ஆனாலும் வாங்கலாம். மாலையிலும் நாலு சரம் சேர்க்கலாம். நான் பேசுவது சுவருக்குச் சூட்டும் 20 கிலோவைப் பற்றி. சுவருக்கு மணம் தெரியாது.

“மலிவான பூ வைத்தால் சம்பந்தி வீட்டில் குறைவாக நினைப்பார்களே” என்று ஓர் உறவினர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். அத்தனையும் நம் மண்ணின் பூக்கள். அந்தத் தமிழில் பிறந்துவிட்டுச் சாமந்தி வைத்தால் மரியாதை குறையும் என்று சொல்லலாமா? சம்பந்தி வீட்டார் கேட்டால், “இந்த மாசத்துப் பூ” என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்டிய பூவைக் குத்தி வைக்கப் பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுக்கட்டி வைக்கிறார்களே, அது பிளாஸ்டிக் வகை. மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கிடக்கும். சரமாகத் தொடுத்த பூவுக்கு நாரும் நூலும் போதும். தொடுக்கிற பெண்களுக்கும் அதில் கூலி கிடைக்கும்.

தையில் கல்யாணம் வைத்திருக்கிற மூன்று வீட்டாருக்கும் இது என் வேண்டுகோள். அலங்காரக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த வாரம் எந்தப் பூவின் வரத்து அதிகம்? அது எந்த ஊர்த் தோட்டத்திலிருந்து வருகிறது? அதை வைத்தே மேடை அமைத்தால் எவ்வளவு ஆகும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பழைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள். மிச்சமாகும் தொகையைப் பெண்ணின் பெயரில் வங்கியில் போட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

பூ விவசாயம் பார்க்கும் என் பிள்ளைகளே, உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தப் பூ மிஞ்சுகிறது என்று கீழே எழுதுங்கள். கல்யாண வீட்டார் பார்க்கட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்