வெடித்த சேறும் உலோக வலையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அதன் அடிவாரத்தில் அமைந்தது கோமுகி அணை. கோடையில் நீர் குறையுங்கால், கரையோரச் சேறு காய்ந்து எண்ணற்ற வெடிப்புகளாய்ப் பிளந்து கிடக்கும். அவ்வெடிப்புகளை வறட்சியின் அடையாளமென்றே பலரும் கருதுவர். அவை போன்ற வெடிப்புகள் அறிவியலார்க்கு உதவிய செய்தியைச் சிலரே அறிவர்.

கதிரவன் ஒளியை மின்னாற்றலாக மாற்றும் கலங்களுள் கரிமச் சேர்மங்களால் ஆகியவை ஒருவகை. சிங் டாங் என்னும் அறிஞர், ஒளியாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை மின்னாக்கும் ஈரடுக்குக் கரிமக் கலத்தைப் பற்றி 1986ஆம் ஆண்டில் எழுதினார். இத்தகைய கலங்களை மெல்லிய தாள்போல் சுருட்டி எடுத்துச் செல்லுமாறு செய்யலாம். கனத்த கண்ணாடிப் பலகைகளைச் சுமந்தேற்றுதல் அரிதாகிய மலையூர்களுக்கு இது பெரிதும் ஏற்றதன்றோ?

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கலத்தின் முகப்பிலுள்ள மின்வாய் ஒளியை உள்ளே விடவும் வேண்டும். மின்னோட்டத்தைக் கடத்தவும் வேண்டும். கண்ணாடி ஒளியை விடும், மின்னைக் கடத்தாது. உலோகம் மின்னைக் கடத்தும், ஒளியை மறைக்கும். இரண்டையும் ஒருங்கே செய்வது இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஆக்சைடுப் பூச்சு. ஆனால் இண்டியம் அரிய பொருள். பெரும்பாலும் துத்தநாகம் பிரிக்கும்போது உடன் கிடைப்பது. அப்பூச்சோ வளைத்தால் விரிசல் விடும். சுருட்டுதற்குரிய கலத்தின்மேல் சுருட்டவொண்ணாத பூச்சை இடுதல் எவ்வாறு பொருந்தும்?

வெள்ளியைப் பத்து நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு, அளவிற்கு மெலிவித்தால் ஒளி ஓரளவு ஊடுருவும். மேலும் மெலிவித்தால் அது தொடர்ந்த படலமாக நில்லாது, தீவுகள்போல் திரண்டுவிடும், மின்னோட்டம் அறும். பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கிரிதர் குல்கர்ணியும் அவர்தம் குழுவினரும் வேறு வழி கண்டனர். கண்ணாடிமேல் ஒரு குழம்பைப் பூசி உலரவிட்டனர். அது குளத்துச் சேறுபோல் வெடித்தது. வெடிப்புகளில் உலோகத்தைப் படியச்செய்து, எஞ்சிய பூச்சைக் கழுவி நீக்கினர். மீன்வலைபோல் உலோகம் நின்றது. வலைக்கண்களின் வழியே ஒளி புகும். இழைகளின் வழியே மின் பாயும். இண்டியமற்ற கரிமக் கலத்திற்கு இவ்வலை மின்வாயாக உதவுதலை 2014ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

அரிய தாதுவை நாடி அலைவதினும் இவ்வெளிய வழியே நம் நாட்டிற்கு ஏற்றது. எனினும், இதனைக் காட்டி மலைவாழ் மக்களைக் காத்திருக்கச் சொல்லுதல் முறையன்று. காற்றும் ஈரமும் கரிமப் படலங்களைக் கெடுக்கும். சிலிக்கன் பலகைகளோ பல ஆண்டுகள் உழைக்கும். அவையே இன்று அம்மக்களுக்கு உரியன. புதிய கலங்களின் ஆயுளைக் கணிப்போர் ஆய்வுக்கூட விளக்கொளியில் மட்டும் அவற்றைச் சோதித்து அமையாது, வெள்ளிமலையின் மழையிலும் பனியிலும் ஈராண்டேனும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.