பேயா? கட்டியா?

பள்ளிக்குப் போய்வந்த பெண் திடீரென்று உறக்கம் இழக்கிறாள், பிதற்றுகிறாள், பெற்ற தாயையே அடிக்க எழுகிறாள். பிறகு வலிப்பு, வாய் கோணுகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. ஊர் என்ன சொல்லும்? “காத்துக் கருப்பு அண்டிவிட்டது.” உடுக்கை அடிக்க ஆள் வருவான். படித்தவர்களோ “மனக்கோளாறு” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இருவருமே பார்க்க மறந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் அடிவயிறு!

2007-ஆம் ஆண்டில் ஜோசெப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இத்தகைய 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் மிகப் பலருக்குச் சினைப்பையில் ‘டெரட்டோமா’ என்னும் கட்டி இருந்தது. கரு உயிரணுக்களிலிருந்து தோன்றும் இக்கட்டியில் மயிர், கொழுப்பு, பல், சிலவேளை நரம்புத் திசுகூட இருக்கும். அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் மூளையையும் தாக்குகிறது. கட்டியை அகற்றி, உரிய மருந்தும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

கட்டியைக் காண்பது எப்படி? இங்கேதான் நம் இயற்பியல் கைகொடுக்கிறது. உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியை மனித வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தவர் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்ட். தீராத இரைப்பைப் புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டியே என்று எதிரொலி காட்டிற்று. அறுவை செய்ய, அவர் பிழைத்தார். 1958-இல் இவ்வாய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது.

இச்சோதனையில் எக்ஸ் கதிர் இல்லை, ஊசியும் இல்லை. தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்ததும் வயிற்றின்மேல் கருவியை வைத்தால் போதும். ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. கொழுப்பைப் பிரித்துக் காட்டும். சிறுமியர் எல்லாருக்கும் கட்டி இருப்பதில்லை என்பது உண்மையே; வயது குறையக் குறைய அது அரிது. ஆகவே முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருளையும் தேட வேண்டும். ஆனால் அரிது என்பதற்காகப் பாராமல் விடலாமா?

“கலியாணம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனா? நாலு பேர் என்ன பேசுவார்கள்?” என்று தயங்குகிறோம். ஸ்கேன் என்றால் கர்ப்பம் என்றே ஊர் நினைக்கிறது. இந்த வெட்கம் கட்டியைவிடக் கொடியதன்றோ?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படியே. ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதலில் நம்மைத்தான் கேட்கிறார்கள். அப்போது நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: “சாமி கும்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயிற்றையும் ஸ்கேன் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.”

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்