லிஸ்டில் விட்டுப்போன பெயர்



போன மாதம் காலை பிரேயரில், நூலகப் புத்தகம் திருப்பித் தராதவர்கள் பெயரை வாசித்தார்கள் அல்லவா? அந்தப் பட்டியலை பைத்தானில் எடுத்துக் கொடுத்தது நான்தான். அதில் என் தோழி பெயரும் வந்துவிட்டது. அவள் முதல் நாளே புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். "நீதானே எம்பேரை எடுக்காம விட்ட"ன்னு இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை.

நான் வேண்டுமென்று விடவில்லை. புத்தகம் எடுத்த 12 பேரையும் ஒரு லிஸ்டில் வைத்தேன். ஃபார் லூப் போட்டு ஒவ்வொருவராகப் பார்த்து, கொடுத்தவர் பெயரை ரிமூவ் செய்யச் சொன்னேன். இரண்டாவது பெயருக்கு உரியவளும் கொடுத்திருந்தாள், மூன்றாவதான என் தோழியும் கொடுத்திருந்தாள். இரண்டாவது பெயர் போனது. மூன்றாவது போகவில்லை!

காரணம் எங்கள் பெஞ்சிலேயே இருக்கிறது. நடுவில் ஒருத்தி எழுந்து போனால் மற்றவர்கள் நகர்ந்து உட்காருவோம். லிஸ்டும் அப்படித்தான், இடம் காலியாக இருக்காது. ஆனால் லூப் ஆளைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் எண்ணுகிறது. இரண்டாம் இடம் முடிந்தது என்று மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது. அதற்குள் என் தோழி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டாள். அவளை அது பார்க்கவே இல்லை.

ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்து, அதே இடத்தில் சரியான பெயரைப் போட்டால் யாரும் நகரமாட்டார்கள். அதில் தொல்லை இல்லை. நீக்கினால்தான் வம்பு. கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயருக்கு வந்து இடத்தைச் சொல்லி நீக்கினால் சரியாக வருகிறது. அதைவிட, புத்தகம் கொடுக்காதவர்களை மட்டும் ஒரு புது லிஸ்டில் சேர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் பைத்தான் மேல் எனக்குக் கோபம் உண்டு. டிக்‌ஷனரியில் இதே வேலையைச் செய்து பார்த்தேன். லூப் ஓடும்போது அளவு மாறிவிட்டது என்று பிழை காட்டி உடனே நின்றுவிட்டது. லிஸ்ட் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தப்பான விடையைத் தருகிறதே, இது நியாயமா? "நாமதான் கவனமா இருக்கணும்"னு டீச்சர் சொன்னார்கள். சரிதான். ஆனால் என்னை மாதிரி புதிதாகப் படிப்பவர்களுக்கு லிஸ்டும் நின்று சத்தம் போட்டால் நல்லது என்பது என் கருத்து. சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன்.

பிரேயரில் அந்தப் பட்டியலை மறுபடி வாசிக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: மூன்றாவது பெயருக்கு உரியவள் புத்தகத்தை முதல் நாளே கொடுத்துவிட்டாள்.

– 9ஆம் வகுப்பு மாணவி